மேலிருந்து வெட்டும் கோல்ஃப் ஸ்விங்: ப்ளேனை (கிளப் சுற்றும் சாய்தளத்தை) எங்கிருந்து திருத்த ஆரம்பிப்பது?

#1 ஏழாம்நம்பர்

வலதுகை ஆட்டம். 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) அடித்தால் பந்து இடது பக்கம் கிளம்பி வலது பக்கம் வளைந்து வருகிறது. டிரைவரும் (நீண்ட தூரத்துக்கான கிளப்) அப்படித்தான், ஆனால் வளைவு இரண்டு மடங்கு. வெட்ஜ் (குறுகிய தூரத்துக்கான கிளப்) மட்டும் வளையாமல் நேராக இடது பக்கம் போய் விழுகிறது. டிவாட் (கிளப் புல்தரையில் பெயர்க்கும் குழி) ஆழமாக விழுகிறது, இடது பக்கம் பார்க்கிறது.

சிமுலேட்டரில் 7 அயர்னுக்கு வந்த எண்கள்: கிளப்தலையின் பாதை 7 டிகிரி இடது, ஃபேஸ் (பந்தில் படும் முகம்) 3 டிகிரி இடது, அட்டாக் ஆங்கிள் (பந்தில் படும்போது தலை இறங்கும் அல்லது ஏறும் கோணம்) 7 டிகிரி கீழ்நோக்கி, ஸ்விங் ப்ளேன் 62 டிகிரி. பின்பக்க வீடியோவில், டவுன்ஸ்விங்கில் (கிளப் இறங்கும்போது) ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) வலது தோளுக்கு மேலாக வருவது தெரிகிறது. எந்த வீடியோவைத் திறந்தாலும் "ஷாலோ பண்ணு", அதாவது ஷாஃப்டைத் தட்டையாகச் சாய்த்து இறக்கு என்கிறார்கள். செய்தால் பந்துக்குப் பின்னால் தரையில் அடிக்கிறது. எதை முதலில் சரி செய்யணும்?

#2 டிவாட்

மூன்று கிளப்பும் மூன்று விதமாகப் போவதால் மூன்று கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஸ்விங் ஒன்றுதான். லாஃப்ட் (ஃபேஸ் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறையக் குறைய பக்கவாட்டு வளைவு கூடும். அதனால் டிரைவர் காட்டுக்குள் போகிறது. வெட்ஜில் பின்சுழற்சி ஆதிக்கம், ஃபேஸும் சீக்கிரம் மூடிக்கொள்கிறது, அதனால் பாதை போன திசையிலேயே இடது பக்கம் விழுகிறது.

பந்து கிளம்பும் திசையில் பெரும்பங்கு ஃபேஸுக்கு. அயர்னில் முக்கால் பங்கு, டிரைவரில் அதைவிட அதிகம். வளைவைத் தீர்மானிப்பது ஃபேஸுக்கும் பாதைக்கும் நடுவே உள்ள இடைவெளி. உங்கள் ஃபேஸ் இலக்குக்கு 3 டிகிரி இடது, ஆனால் பாதைக்கு 4 டிகிரி திறந்து இருக்கிறது. இடது கிளம்பல், வலது வளைவு இரண்டுக்கும் கணக்கு சரியாகப் போச்சு.

இன்னொன்று கவனிங்க. கிளப் சாய்ந்த வட்டத்தில் சுற்றுகிறது. கீழ்நோக்கி இறங்கும்போதே பந்தை அடித்தால், அந்த இடத்தில் தலை இன்னும் வெளிப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். எனவே கீழ்நோக்கி அடிப்பது பாதையை வலது பக்கம் தள்ளும். எவ்வளவு என்பது அட்டாக் ஆங்கிளை ப்ளேன் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் வரும். 7-ஐ 1.88-ஆல் வகுத்தால் 3.7. அந்த 3.7 டிகிரி வலது தள்ளலுக்குப் பிறகும் பாதை 7 இடது என்றால், உங்கள் வட்டம் நிஜத்தில் 10, 11 டிகிரி இடது பார்த்து நிற்கிறது. திரையில் தெரிவதைவிடக் கோளாறு பெரிசு.

அதனால்தான் ஷாலோ செய்ததும் பின்னால் தரையில் அடிக்கிறது. ஆழமாக வெட்டுவதற்குப் பழகிய உடம்பு, பந்து வைக்கும் இடம், கை உயரம் எல்லாம் அப்படியே இருக்க, ஷாஃப்டை மட்டும் சாய்த்தால் வட்டத்தின் அடிப்புள்ளி பின்னுக்குப் போய்விடும்.

#3 பச்சைப்புல்

ப்ளேனைத் தொடுவதற்கு முன்னால் கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்க தம்பி. பத்துக்கு எட்டு மேல்வெட்டு ஆட்டக்காரர்களிடம் கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஃபேஸ் திறந்து வந்தால் பந்து வலது பக்கம் போகும். அதைப் பார்த்த உடம்பு தானாகவே இடது பக்கம் இழுக்கக் கற்றுக்கொள்ளும். அந்த இழுப்புதான் வீடியோவில் தெரிகிற மேல்வெட்டு. ஃபேஸ் மூடாமல் பாதையை மட்டும் நேராக்கினால், எல்லா பந்தும் நேராக வலது காட்டுக்குப் போகும். மூன்றாவது பந்தில் பழைய ஸ்விங் திரும்பி வந்துவிடும்.

பார்க்க வேண்டியவை, இந்த வரிசையில்:

நின்ற நிலையில் குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு முதல் மூன்று விரல் முட்டிகள் தெரியணும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கிரிப் வீக் (ஃபேஸைத் திறக்க விடும் பிடி). கிளப் உள்ளங்கையில் இல்லாமல் விரல்களின் அடியில் குறுக்காக ஓடணும். உள்ளங்கையில் பிடித்தால் மணிக்கட்டு மடங்காது.

பந்து இருக்கும் இடம். 7 அயர்னுக்குக் கால்களின் நடுவிலிருந்து ஒரு பந்து அகலம் இடது பக்கம் போதும். இடது குதிகாலுக்கு நேரே வைத்தால் அதை எட்டவே தோள் இடது பக்கம் திறந்துகொள்ளும். டிரைவருக்குத்தான் இடது குதிகாலின் உட்பக்கம்.

தோள் கோடு. கால் நேராக இருந்தும் தோள் இடது பார்ப்பதுதான் அதிகம் ஏமாற்றும் விஷயம். கிளப்பை மார்புக்குக் குறுக்கே வைத்து அது எங்கே காட்டுகிறது என்று பாருங்க.

பந்துக்கான தூரம். கை தோளுக்கு நேர் கீழே தளர்வாகத் தொங்கணும், கிரிப் முனைக்கும் தொடைக்கும் நடுவே ஒரு முஷ்டி அகலம். ரொம்ப நெருங்கி நின்றால் ஸ்விங் ஸ்டீப் (செங்குத்து) ஆகும், தள்ளி நின்றால் ஃப்ளாட் (தட்டை) ஆகும்.

#4 ரேஞ்ச்வாசி

கிரிப்பு முக்கியம்தான், ஒத்துக்கறேன் அண்ணே. ஆனா 10 டிகிரி இடது பார்க்கிற வட்டம் கிரிப்பை மாத்தினா மட்டும் நேராகாது. வருஷக்கணக்கா அப்படி அடிச்சவங்களுக்குத் தோள்தான் முதலில் கிளம்பும், அது பழக்கம். கிரிப்பை மட்டும் ஸ்ட்ராங் பண்ணிட்டு அதே பாதையில் அடிச்சா, வளையாம இடது பக்கம் போற 'புல்' (pull) ஷாட்தான் கிடைக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்த்துத்தான் மாத்தணும்.

#5 பச்சைப்புல்

புல் ஷாட் வருவது நல்ல அறிகுறி. இடது பக்கம் போகும் பந்தைப் பார்த்தால்தான் உடம்பு உள்ளிருந்து அடிக்கக் காரணம் தேடும். வலது பக்கம் போகும் பந்து அதற்கு நேர் எதிரானதைச் சொல்லிக்கொடுக்கும். சேர்த்து மாற்றுவதில் எனக்குச் சண்டை இல்லை, வரிசையில்தான்.

#6 சாய்கோணம்

வீடியோ எடுத்த விதம் தெரியாமல் ப்ளேன் பேசுவதில் அர்த்தம் இல்லை. போனை நின்ற நிலையில் கை இருக்கும் உயரத்தில், மூன்று மீட்டர் பின்னால், ஸ்டாண்டில் வைக்கணும். லென்ஸ் கைகளுக்கு நேர் பின்னால் இருக்கணும். அதாவது பந்துக் கோட்டிலும் இல்லை, குதிகால் கோட்டிலும் இல்லை. இலக்குக் கோட்டுக்கு இணையாகப் பார்க்கணும். கேமரா குதிகால் பக்கம் நகர்ந்தால் நல்ல ஸ்விங்கும் வெளியிலிருந்து வருகிற மாதிரி தெரியும். பந்துப் பக்கம் நகர்ந்தால் மேல்வெட்டு ஸ்விங்கே உள்ளிருந்து வருகிற மாதிரி அழகாகத் தெரியும். நொடிக்கு 240 ஃபிரேம் வைத்து எடுங்க.

முதல் ஃபிரேமில் இரண்டு கோடு போடுங்க. ஒன்று ஷாஃப்ட் வழியாகப் பெல்ட் வரை. இன்னொன்று பந்திலிருந்து வலது தோள் வரை. டவுன்ஸ்விங்கில் இந்த இரண்டுக்கும் நடுவே கிளப் இறங்கினால் போதும். 1957-இல் பழைய சாம்பியன் பென் ஹோகன் சொன்ன கண்ணாடிப் பலகை பந்திலிருந்து தோள் வரை சாய்ந்த ஒன்று. அவரே டவுன்ஸ்விங்குக்கு வேறு ப்ளேன், அது கொஞ்சம் தட்டையாகவும் இலக்குக்குச் சற்று வலது பார்த்தும் இருக்கும் என்றார். பாதிப் பேர் முதல் படத்தோடு நிறுத்திவிட்டு, போவதும் வருவதும் ஒரே கோட்டில் இருக்கணும் என்று அடம்பிடிக்கிறார்கள்.

நிறுத்திப் பார்க்க வேண்டிய இடங்கள்:

பேக்ஸ்விங்கில் (கிளப்பை ஏற்றும்போது) ஷாஃப்ட் தரைக்கு இணையாகும்போது: கிளப்தலை கையை மறைக்கணும். தலை கைக்குப் பின்னால் உள்ளே போயிருந்தால் அதுதான் மூலக்காரணம் என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம். உள்ளே போன கிளப்புக்கு மேலே ஏற இடம் இல்லை, கை தூக்கி ஏறும், உச்சியிலிருந்து வெளியே வீசும். டோ (கிளப்தலையின் நுனி) வானத்தைப் பார்க்காமல் முதுகுச் சாய்வுக்கு இணையாகக் கொஞ்சம் கவிழ்ந்திருந்தால் ஃபேஸ் சரி.

இடது கை தரைக்கு இணையாகும்போது: கிரிப்பின் முனை பந்துக்கும் கால் விரலுக்கும் நடுவே காட்டணும். கால் பக்கம் காட்டினால் ஸ்டீப், பந்தைத் தாண்டிக் காட்டினால் ஃப்ளாட்.

உச்சியில்: இடது மணிக்கட்டின் பின்பக்கம் தட்டையா, குழிந்திருக்கா? குழிந்தால் ஃபேஸ் திறக்கும், இறங்கும்போது ஷாஃப்டும் செங்குத்தாகும்.

டவுன்ஸ்விங்கில் இடது கை மீண்டும் தரைக்கு இணையாகும்போது: ஷாஃப்ட் வலது புஜத்தின் வழியாகப் போகணும். தோளுக்கு மேலே போனால் மேல்வெட்டு. முழங்கைக்குக் கீழே இறங்கிவிட்டால் எதிர்க் கோளாறு.

#7 ஏழாம்நம்பர்

முதல் கட்டத்திலேயே சிக்கிக்கொண்டது. கிளப்தலை கைக்கு நல்ல பின்னால் இருக்கிறது. கிரிப்பில் ஒரே ஒரு முட்டிதான் தெரிகிறது. தோள் கோடும் இடது பார்க்கிறது. அப்படியானால் இறங்கும்போது தவறு என்று நினைத்தது ஏறும்போதே ஆரம்பமாகிவிட்டதா?

#8 சாய்கோணம்

ஆமாம். இதற்கான பயிற்சி எளிது. வலது கால் விரல் நுனியிலிருந்து பின்னோக்கி, இலக்குக் கோட்டுக்கு இணையாக ஒரு ஸ்டிக்கைத் தரையில் படுக்க வையுங்க. ஷாஃப்ட் தரைக்கு இணையாகும்போது அது இந்த ஸ்டிக்குக்கு நேர் மேலே இருக்கணும். முதல் அரை மீட்டர் வரை கிளப்தலை வெளியே, கை உள்ளே என்ற உணர்வு. உங்களுக்கு அது தலையை வெளிப்பக்கம் தள்ளுகிற மாதிரி இருக்கும். வீடியோ நேர் என்று சொல்லும்.

#9 ரேஞ்ச்வாசி

இறங்குவதற்கு நாலு டிரில் எழுதறேன். 9 அயர்ன், அரை ஸ்விங், பாதி வேகம். 7 அயர்னில் ஆரம்பிக்க வேண்டாம், டிரைவரைத் தொடவே கூடாது.

முதலாவது, பம்ப். உச்சிக்குப் போங்க. முதுகு இலக்கைப் பார்த்தபடியே இருக்க, கையை மட்டும் இடுப்பு உயரத்துக்கு இறக்குங்க. வலது முழங்கை விலாவுக்கு முன்னால் வரணும், பின்னால் ஒட்டக் கூடாது. திரும்ப மேலே. இரண்டு தடவை இப்படி, மூணாவது தடவை அடிங்க. பெரும்பாலானவங்க செய்யும் தப்பு: கையோடு தோளும் சேர்ந்து திரும்பிடும். கண்ணாடி முன்னால் பந்து இல்லாம செய்து பார்த்தா தெரியும்.

இரண்டாவது, ஹெட்கவர் (கிளப்தலைக்குப் போடும் உறை). பந்துக்கு வெளிப்பக்கம் ஒரு கிளப்தலை அகலம் விட்டு, ஒரு அடி பின்னால் ஹெட்கவரை வையுங்க. மேலிருந்து வெட்டினா அதை அடிப்பீங்க. பெட்டி, செங்கல் வேண்டாம். மணிக்கட்டு போயிடும்.

மூணாவது, வலது காலைப் பின்னால் இழுத்தல். சாதாரணமா நின்னு வலது காலை ஓர் அரை அடி, முக்கால் அடி பின்னுக்கு இழுத்துக்கோங்க. தோள் மூடிக்கும், வெளியே வீச இடமே இருக்காது. பாதை மாற்றம் எப்படி இருக்கும்னு உடம்புக்குக் காட்ட இதைவிட சுலபமானது இல்லை. ஆனா இதிலேயே தங்கிட்டா இடுப்பு திரும்பாம கையால் புரட்டி அடிக்கிற பழக்கம் வந்துடும். பத்துப் பந்துக்கு மேல் வேண்டாம்.

நாலாவது மணிக்கட்டுக்கு. 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலை வாட்ச் பட்டைக்கு அடியில் செருகி, இடது புறங்கை மேல் படிய வையுங்க. உச்சியில் மணிக்கட்டு குழிஞ்சா ஸ்கேல் கையில் குத்தும். பந்து அடிக்க வேண்டாம், ஒத்திகை மட்டும்.

இரண்டு ஒத்திகைக்கு ஒரு பந்து. கூடை தீரணும்னு அடிச்சா பழைய ஸ்விங்தான் பலப்படும்.

#10 மழைக்கோட்டு

இத்தனை கோடும் கோணமும் எதுக்கு? அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃபியூரிக் கிளப்பை வானத்தை நோக்கித் தூக்கி, ஒரு வளையம் போட்டு இறக்குவார். அந்த ஸ்விங்கோடு 2003-இல் யு.எஸ். ஓபன் ஜெயித்தார், 2016-இல் டிராவலர்ஸ் போட்டியில் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். பந்து எங்கே போகுது என்பதுதானே கணக்கு.

#11 டிவாட்

ஃபியூரிக்கை நிறுத்திப் பாருங்க சார். டவுன்ஸ்விங்கில் கை இடுப்பு உயரத்துக்கு வரும்போது ஷாஃப்ட், சாய்கோணம் சொன்ன இரண்டு கோட்டுக்கு நடுவேதான் இருக்கு. ஏறும் வழி அவருடைய சொந்த விஷயம், இறங்கும் வழி எல்லா நல்ல ஆட்டக்காரர்களுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்டீப்பாக ஏறித் தட்டையாக இறங்கினால் பிழைக்கலாம். தட்டையாக ஏறி ஸ்டீப்பாக இறங்குபவர்தான் நம்ம ஏழாம்நம்பர். அந்த வளையம் எதிர்த் திசையில் சுற்றுகிறது.

#12 ஹுக்பயல்

இங்கே எல்லாரும் மேல்வெட்டுக்காரர்களா? எதிர்க் கோளாறு யாருக்கும் இல்லையா? பாதை 8 டிகிரி வலது. நல்ல நாளில் புஷ் (வளையாமல் வலது பக்கம் போவது), கெட்ட நாளில் இடது பக்கம் பாம்பு மாதிரி ஹுக், நடுநடுவே ஹோசலில் (ஷாஃப்ட் தலையோடு சேரும் இடம்) பட்டு ஷாங்க். "ஷாலோ" டிரில்கள் செய்யச் செய்ய மோசமாகிறது.

#13 சாய்கோணம்

ஷாலோ டிரில்களை இன்றே நிறுத்துங்க. அது எதிர்த் தரப்பு மருந்து. ஏற்கெனவே கீழே கிடக்கும் கிளப்பை இன்னும் கீழே தள்ளுகிறீர்கள்.

உங்கள் வீடியோவில் மூன்று விஷயம் இருக்கும் என்று நினைக்கிறேன்: கை இறங்கும்போது வலது இடுப்புக்குப் பின்னால் சிக்கியிருக்கும், இடுப்பு பந்தை நோக்கி முன்னே தள்ளியிருக்கும், மார்பு திரும்புவதை நிறுத்தியிருக்கும். இடுப்பு முன்னே வந்ததும் கைக்கு இடம் இல்லை, கிரிப் வெளியே தள்ளப்பட்டு பந்து ஹோசலில் படும். ஷாங்க்குக்குக் காரணம் அதுதான்.

பின்பக்கம் ஒரு நாற்காலி முதுகோ, நிறுத்திவைத்த பையோ தொடும்படி நில்லுங்க. பேக்ஸ்விங்கில் வலது பிட்டம் தொடணும், டவுன்ஸ்விங்கில் இடது பிட்டம் தொடணும், அடித்து முடியும் வரை விலகக் கூடாது. முதல் நாள் பந்தே படாது. கிளப்பைத் தளர்வாகப் பிடித்து மெதுவாகச் செய்யுங்க.

ஹெட்கவர் உங்களுக்கு வேறு இடம்: பந்துக்கு ஒரு அடி பின்னால், உட்பக்கம். அதைத் தொடாமல் வரணும். அடித்த பிறகு கிரிப் இடது இடுப்பை ஒட்டி உள்ளே திரும்பும் உணர்வு வேண்டும். இலக்கை நோக்கிக் கையை நீட்டித் துரத்தாதீர்கள்.

#14 டிவாட்

மேல்வெட்டுக்காரர்களுக்கும் இடுப்பு முன்னே தள்ளும், காரணம் வேறு. ஷாஃப்ட் ஸ்டீப்பாக வந்தால் தலை தரையில் புதைந்துவிடும். அதைத் தவிர்க்க உடம்பு எழுந்து இடம் கொடுக்கிறது. அங்கே இடுப்பைத் திருத்தினால் பயன் இல்லை, ஷாஃப்ட் சரியானால் இடுப்பு தானாக நிற்கும். ஒரே அறிகுறி, இரண்டு நோய்.

#15 லாஃப்ட்46

கிளப் பக்கம் யாரும் வரவில்லையே. லை ஆங்கிள் (தரைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள கோணம்) தவறான கிளப் ப்ளேன் கோளாறு மாதிரியே நடிக்கும். டோ தூக்கிக்கொண்டு அடிபட்டால் லாஃப்ட் உள்ள ஃபேஸ் இடது பார்க்கும். 7 அயர்னில் 2 டிகிரி அதிக அப்ரைட் (செங்குத்து) என்றால் ஃபேஸ் சுமார் 1.25 டிகிரி இடது, 150 கஜத்தில் மூன்று கஜம் போல. பிட்சிங் வெட்ஜில் அது 2 டிகிரி. டிரைவரில் லாஃப்ட் குறைவு, கணக்கில் எடுக்க வேண்டாம்.

சோதனை: பந்தின் மேல் மார்க்கரில் தடித்த கோடு போட்டு, கோடு செங்குத்தாக நின்று கிளப்பைப் பார்க்கும்படி வையுங்க. அடித்ததும் ஃபேஸில் மை படியும். கோடு க்ரூவுக்கு (ஃபேஸில் உள்ள வரிப்பள்ளம்) செங்குத்தாக இருந்தால் சரி. மேல் முனை டோ பக்கம் சாய்ந்தால் கிளப் உங்களுக்கு அதிக அப்ரைட், ஹீல் பக்கம் (ஷாஃப்ட் சேரும் முனை) சாய்ந்தால் அதிக ஃப்ளாட். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) அயர்னை 2 டிகிரி வளைக்கலாம். காஸ்ட் (வார்த்து எடுத்த) அயர்ன் முறியும் அபாயம் உண்டு, தயாரிப்பாளர் அனுமதி பார்த்துத்தான் வளைக்கணும்.

ஆனால் ஸ்விங் மாறிக்கொண்டிருக்கும்போது லை மாற்ற வேண்டாம். பாதை நிலைக்கட்டும், அப்புறம் அளங்க. மேல்வெட்டு ஸ்விங்குக்கு ஏற்ற லை, திருத்திய ஸ்விங்குக்குப் பொருந்தாது.

#16 மலைக்காற்று

ஊட்டி ஜிம்கானா மாதிரி சரிவான மைதானத்தில் ஆடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பந்து காலுக்கு மேலே இருக்கும் சரிவில் ப்ளேன் தானாகத் தட்டையாகும், பந்து இடது போகும். கிளப்பை ஓர் அங்குலம் கீழே பிடித்து, வலது பக்கம் குறி வையுங்க. காலுக்குக் கீழே இருந்தால் ஸ்டீப், பந்து வலது. சமதளத்தில் ஷாலோ உணர்வு பிடிபடாதவர்கள், பந்து காலுக்கு மேலே இருக்கும் மேட்டில் 9 அயர்னை மெதுவாக அடித்துப் பார்க்கலாம். அங்கே மேலிருந்து வெட்டினால் கிளப் மண்ணில் சொருகும், வேறு பேச்சே இல்லை.

#17 ஏழாம்நம்பர்

கிரிப், தோள், டேக்அவே (கிளப்பை ஏற்றத் தொடங்கும் விதம்) மாற்றியதில் 9 அயர்ன் பாதை 2, 3 டிகிரி இடது என்று வருகிறது. அட்டாக் ஆங்கிள் 5. டிரைவருக்கு எப்போது போகலாம்? சாய்வாக ஸ்டிக் குத்திப் பயிற்சி செய்வார்களே, அதை எந்தக் கோணத்தில் குத்துவது?

#18 டிவாட்

7 அயர்னில் அட்டாக் ஆங்கிள் 4 பக்கம் வரட்டும், டூர் (தொழில்முறை) ஆட்டக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ப்ளேன் 60 என்றால் அந்த 4 டிகிரி பாதையை 2.3 டிகிரி வலது தள்ளும். அதனால் பாதை பூஜ்யம் வேண்டுமென்றால் வட்டம் 2.3 இடது பார்க்கணும். பூஜ்யத்தில் நிற்கணும் என்று வட்டத்தையும் வலது திருப்பினால் ஹுக்பயல் கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள்.

டிரைவரில் கணக்கு தலைகீழ். ப்ளேன் 47, மேல்நோக்கி 3 டிகிரி அடித்தால் பாதை 2.8 இடது நகரும். அதைச் சமன் செய்ய வட்டம் அதே அளவு வலது பார்க்கணும். அயர்ன் நேராகப் போய் டிரைவர் மட்டும் ஸ்லைஸ் (வலது பக்கம் வளைந்து போவது) ஆவதற்குப் பல பேரிடம் இதுவே காரணம். டீயை (பந்தைத் தாங்கும் முளை) உயர்த்தி, பந்தை முன்னே வைத்தார்கள், தோளை மட்டும் திறந்தே விட்டார்கள். டிரைவருக்குத் தோள் கொஞ்சம் மூடியிருக்கட்டும், வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருக்கட்டும்.

#19 சாய்கோணம்

ஸ்டிக் கோணத்தைத் தனியாக அளக்க வேண்டாம். 9 அயர்னோடு நின்று, ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, ஷாஃப்டின் சாய்வுக்கு இணையாகக் குத்தச் சொல்லுங்க. இடம்: பந்துக்கு மூன்றடி பின்னால், பந்துக் கோட்டிலேயே, மேல் முனை உங்கள் பக்கம் சாய்ந்தபடி. இறங்கும்போது கிளப் அதற்குக் கீழே, உட்பக்கமாக வரணும். கண்ணாடியிழை ஸ்டிக் மட்டும் பயன்படுத்துங்க, மேல் பாதிக்கு நீச்சல்குளத்து நுரைக்குழாயைச் செருகிவிடுங்க. நுரை இல்லாமல் முழு வேகத்தில் பட்டால் ஸ்டிக் முறிந்து முகத்துக்கு வரும். ஒரு கையளவு இடைவெளி விட்டுத் தொடங்கி, தொடாமல் வரத் தொடங்கியதும் ஸ்டிக்கை இரண்டு அங்குலம் நெருக்குங்க.

ரேஞ்சில் செயற்கைப் புல் விரிப்பின் மேல் செய்தால் ஸ்டிக்கைக் குத்த முடியாது, மரக்கட்டையில் துளை போட்ட தாங்கி வேண்டும். விரிப்பில் இன்னொரு சிக்கல், பின்னால் தரையில் பட்டாலும் கிளப் வழுக்கிப் போய் பந்தை அடித்துவிடும். பந்துக்கு நாலு அங்குலம் பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்தால் அந்தப் பொய் பிடிபடும்.